பட்டம் பெறாத வன அதிகாரிகள்

விறகு கிடைக்காவிட்டால் குழந்தைகள் இளைத்துப் போவார்களா? "இதென்ன, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு!" என்று நீங்கள் சிரிக்கக்கூடும். திருகினால் நீலச் சுடர் பூக்கும் காஸ் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு யோசித்தால் இந்த முடிச்சு விளங்காதுதான். ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்துத் தாய்மார்களுக்கோ இது அநுபவத்தில் கண்ட உண்மை.

1970-க்குப் பிந்திய சில ஆண்டுகளில், அந்நாட்டுக் கிராமப் பெண்கள் தேசிய மாதர் சங்கத்தில் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். விறகு பொறுக்க வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. குழந்தைகளுக்குச் சத்துள்ள ஆகாரம் இல்லை. கேட்பதற்கு மூன்றும் தனித்தனிக் கஷ்டங்களாகத்தானே தோன்றுகின்றன? அங்கே அவற்றைக் கவனமாகக் கேட்ட வங்காரி மாத்தாய் என்ற பெண்மணிக்கு, மூன்றும் ஒரே வியாதியின் அறிகுறிகள் என்று பட்டது.

வங்காரி 1940-ல் நியேரி என்ற மலைப் பிரதேசத்தில் குடியானவர் வீட்டில் பிறந்தவர். 1971-ல் நைரோபி சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் கண்டுகொண்ட வியாதி என்ன தெரியுமா? நிலம் நலிந்து போனதுதான். தேயிலைக்கும் காப்பிக்குமாகக் காடுகளை வெட்டினார்கள். மரம் போனதும் மழைத்துளி வெறுந்தரையில் அறைந்தது. வேரின் பிடிப்பு இல்லாத மேல்மண் கரைந்து ஆற்றோடு போயிற்று. பயிருக்கு வேண்டிய சத்தெல்லாம் அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது. அதில் ஓர் அங்குலம் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மழைநீர் பூமிக்குள் இறங்காமல் ஓடிவிட்டதால் ஊற்றுக் கண்களும் அடைபட்டன. விறகோ அருமையாகிவிட்டது. விறகு குறைந்தால், நெடுநேரம் வேக வேண்டிய பயறு வகைகள் எப்படி அடுப்பில் ஏறும்? சட்டென்று ஆகிற வெள்ளை மாவும் ரொட்டியும் தட்டில் விழுந்தன. குழந்தைகள் இளைத்தார்கள். முடிச்சு அவிழ்ந்துவிட்டதல்லவா?

வங்காரியின் பிறந்த வீட்டுக்கு அருகே பெரிய அத்தி மரம் ஒன்று இருந்தது. அதிலிருந்து சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது, அது தெய்வத்தின் மரம் என்று அவருடைய தாயார் சொல்லி வைத்திருந்தார். நம் பாட்டிமார் அரச மரத்தைப் பற்றிச் சொல்வார்களே, அதுபோல! அதன் அருகே சலசலத்த ஓடையில் தவளை முட்டைகளைப் பார்த்து, மணிமாலை என்று கழுத்தில் அணிய முயன்றவர் அந்தச் சிறுமி. பிற்காலத்தில் போய்ப் பார்த்தபோது மரத்தைத் தேயிலை பயிரிட வெட்டியிருந்தார்கள், ஓடையும் வற்றியிருந்தது. பாறையைத் துளைத்து இறங்கிய வேர்தான் நிலத்தடி நீருக்கு வழிவிட்டிருந்தது என்பது விஞ்ஞானம் படித்த பிறகே அவருக்குப் புரிந்தது.

1977 ஜூன் 5-ஆம் தேதி நைரோபி நகரில் ஏழே ஏழு கன்றுகளை நட்டுப் 'பசுமை வளைய இயக்க'த்தைத் தொடங்கினார். மரம் வளர்ப்பது படித்துப் பட்டம் பெற்ற வன இலாகாக்காரர்களின் வேலை என்பது அக்காலத்து அபிப்பிராயம். பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. காட்டு மரங்களின் விதைகளைத் திரட்டினார்கள். உடைந்த சட்டியிலும் பழைய தகர டப்பாவிலும் நாற்று வளர்த்தார்கள். பயறும் சோளமும் விதைக்கத் தெரிந்தவர்களுக்கு மர விதை மட்டும் முளைக்க மாட்டேன் என்று சொல்லுமா? 'பட்டம் பெறாத வன அதிகாரிகள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

சன்மானம் கொடுப்பதில் வங்காரி ஒரு சாமர்த்தியம் செய்தார். செடி நட்டதற்குக் காசு கிடையாது. நட்ட செடி பிழைத்து நின்றால்தான் கிடைக்கும். சொற்பத் தொகைதான், ஆனாலும் அது அந்தப் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம். நம் ஊரில் பிரமுகர் செடி நடுகிறார், போட்டோ பிடிக்கிறார்கள், அடுத்த வாரம் ஆடு வந்து விழாவை முடித்து வைக்கிறது! அங்கே அந்தக் கதை நடக்கவில்லை. கென்யாவில் அந்த இயக்கம் நட்ட மரங்கள் 5 கோடிக்கு மேல்.

பாதை பூ விரித்ததாக இருக்கவில்லை. 1989-ல் நைரோபியின் பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்பச் சர்க்கார் முனைந்தபோது அவர் எதிர்த்து நின்றார், திட்டம் கைவிடப்பட்டது. 1992-ல் போலீஸ் தடியடியில் நினைவிழந்தார். 1999-ல் கரூரா காட்டைக் காக்கப் போய் மண்டையில் காயம் பட்டார். 2004-ல் நோபல் சமாதானப் பரிசு அவரைத் தேடி வந்தது. மரத்துக்கும் சமாதானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. தண்ணீருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் ஊர்கள் அடித்துக்கொள்வதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2011-ல் அவர் காலமானபோது, தமக்காக ஒரு மரமும் வெட்டப்படலாகாது என்ற விருப்பப்படி, மூங்கிலும் கோரையும் ஆகாயத்தாமரையும் கொண்டு சவப்பெட்டி செய்தார்கள்.

சகோதரிகளே, நமக்குக் காடும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் மண்ணுக்கு உணவூட்ட நம் சமையலறை போதும். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை இவற்றைக் குப்பை வண்டிக்குக் கொடுக்காமல், உலர்ந்த சருகோடு கலந்து ஒரு தொட்டியில் மட்கவிடுங்கள். சருகைக் கொளுத்தாதீர்கள், செடியின் காலடியில் பரப்பினால் ஈரம் காக்கும். முற்றம் முழுவதையும் சிமெண்டால் மெழுகாமல், மழை இறங்க இடம் விடுங்கள்.

ஐப்பசி மழையில் ஒரு வேம்போ, புங்கனோ, நாவலோ நடுங்கள். இடமில்லாதவர்கள் பள்ளிக்கூட வளாகத்தையோ கோயில் நந்தவனத்தையோ கேட்டுப் பெறலாம். அரிசி களைந்த நீரை ஊற்றி, வேலி கட்டி, இரண்டு கோடைகள் காப்பாற்றுங்கள். அதற்குப் பிறகும் அது தளிர்த்து நின்றால், அந்தப் பட்டம் பெறாத அதிகாரிகளின் வரிசையில் உங்கள் பெயரையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.