மழை வரும் மாதத்தில் மழைப் பாடம்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் புவியியலை நாட்காட்டியோடு சேர்த்து நடத்துவது எப்படி?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் தென்காசிப் பக்கம் சாரல் விழும். குற்றாலத்தில் சீசன் களைகட்டும். அங்கிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தூத்துக்குடியில் அதே நாளில் வெயில் கொளுத்தும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது, கேரளப் பக்கத்திலேயே மழையின் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மிச்சம்தான் தென்காசிக்குச் சாரல். மலையிறங்கிக் கிழக்கே போகப் போகக் காற்று சூடேறி ஈரம் குறைகிறது. மழை மறைவுப் பகுதி என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

புவியியல் ஆசிரியருக்கு மட்டும் வாய்த்த வசதி இது. வரலாற்று ஆசிரியரால் பானிபட் போரை மறுபடி நடத்திக் காட்ட முடியாது. புவியியல் பாடமோ ஆண்டுதோறும், ஏறக்குறைய தேதி தவறாமல், பள்ளிச் சுவருக்கு வெளியே நடக்கிறது. ஆனால் நாம் அதை வரிசை எண்படி நடத்துகிறோம். காற்று வீசும் மாதத்தில் பாறை வகைகளையும், மழை கொட்டும் மாதத்தில் தொழிலகங்களையும், மழை ஓய்ந்த பிறகு நீரியல் சுழற்சியையும் எடுக்கிறோம். பாடத்தை அது நடக்கும் மாதத்தில் நடத்துவோம் என்பதே என் கோரிக்கை.

சிக்கல்கள் தெரியாமல் சொல்லவில்லை. சமூக அறிவியல் என்ற ஒரே புத்தகத்துக்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் இருக்கின்றன. பல பள்ளிகளில் வரலாறு படித்த ஆசிரியரே நான்கையும் எடுக்கிறார். தேர்வு நெருங்கும்போது அவசரமாக ஓட்டி முடிக்கப்படுவது பெரும்பாலும் புவியியல்தான். ஆகவே கூடுதல் பாடவேளை கேட்பதில் பயனில்லை. இருக்கும் நேரத்துக்குள், வாரம் ஒரு கால் மணி நேரம் வகுப்பை வெளியே கொண்டுபோனால் போதும்.

ஜூன்: கொடிக்கம்பத்தில் ஒரு துணி

முதல் வாரத்திலேயே கொடிக்கம்பத்திலோ மொட்டை மாடிக் கம்பியிலோ ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிடலாம். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மாணவர் ஒருவர் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கோவை, பொள்ளாச்சிப் பிள்ளைகளுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பிள்ளைகள் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தே வளர்கிறவர்கள். அந்தக் காற்று எங்கே புறப்பட்டு வருகிறது என்பதைத்தான் நாம் சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசியில் துணி வேறு பக்கம் பறக்கத் தொடங்கும். பருவக்காற்று திசை மாறுவதை அப்போது பிள்ளைகளே நமக்குச் சொல்வார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: ஒரு மீட்டர் குச்சி

அட்சரேகை, தீர்க்கரேகைப் பாடத்துக்கு இந்த இரண்டு மாதங்களை விட்டால் நல்ல காலம் இல்லை. ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நண்பகலில், நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. இந்த நிழலில்லா நாள் தெற்கே நகர்ந்து, மாத இறுதியில் மதுரையையும் செப்டம்பர் தொடக்கத்தில் கன்னியாகுமரியையும் தொடும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதை உருண்டையைச் சுற்றிக் காட்டி விளக்குவதைவிட இது எளிது.

செப்டம்பர் 22 அல்லது 23 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும். காலாண்டுத் தேர்வை ஒட்டிய வாரம்தான். ஆனாலும் அரை மணி நேரம் ஒதுக்குவது வீண்போகாது. ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, 11.45 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். மிகக் குறுகிய நிழல் விழும் நேரமே அந்த ஊரின் உண்மையான நண்பகல். அப்போது நிழல் சரியாக வடக்கைக் காட்டும். சென்னையில் அது 23 சென்டிமீட்டர் இருக்கும். கன்னியாகுமரியில் 14 சென்டிமீட்டர்தான். வரைபடத் தாளில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு செங்குத்துக் கோடு, அதன் அடியில் 2.3 சென்டிமீட்டருக்கு ஒரு படுக்கைக் கோடு போட்டு, இரண்டின் நுனிகளையும் இணைத்துக் கோணமானியை மேல்முனையில் வைத்தால் 13 டிகிரி வரும். அதுவே சென்னையின் அட்சரேகை. ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டது!

கன்னியாகுமரிப் பள்ளி ஒன்றோடு தொலைபேசியில் பேசி அளவைப் பரிமாறிக்கொண்டால் இன்னொரு வாசல் திறக்கும். அங்கே 8 டிகிரி. வித்தியாசம் 5 டிகிரி. முழு வட்டத்தில் அது 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே தெற்கு வடக்காக உள்ள தூரம் ஏறத்தாழ 555 கிலோமீட்டர். அதை 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, சுமார் 40,000 கிலோமீட்டர். 2,200 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் எரட்டோஸ்தனிஸ் போட்ட கணக்கும் இந்த வழியில்தான்.

கோவைப் பள்ளியும் சேர்ந்துகொண்டால் தீர்க்கரேகையும் புரியும். சென்னையில் நிழல் குறுகி சுமார் 13 நிமிடம் கழித்தே கோவையில் குறுகும். ஆனாலும் இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒரே மணி காட்டுகிறது. 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம் ஏன் வகுத்தார்கள் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்.

அக்டோபர், நவம்பர்: பாட்டிலில் மழை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. இந்த மாதங்களில் பிள்ளைகள் வானிலை அறிக்கையை உன்னிப்பாகக் கேட்பார்கள். “நாளைக்கு லீவா?” என்பதே அவர்கள் கவலை. அந்த ஆர்வத்தையே பிடித்துக்கொள்ளலாம்.

பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் செருகினால் மழைமானி தயார். அடிப்பகுதி குழிவாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டுக் கொஞ்சம் நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கும். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைகள் முறைவைத்து அதே நேரத்தில் அளக்கலாம். 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.5-க்குப் போனால் அதிகனமழை. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் அளவு அவர்கள் கையிலேயே இருக்கும்.

அடுத்து மொட்டை மாடிக்குப் போக வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 200 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். அது எங்கே போகிறது? குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்க்கட்டும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு தம் பள்ளியில் இயங்குகிறதா, அடைத்துக் கிடக்கிறதா என்று அவர்களே சொல்லட்டும்.

டிசம்பர்: உயிர் காக்கும் பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமி இன்றைய பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே நடந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு, அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல்நீர் நுரைத்து விசித்திரமாக நடந்துகொள்வதைக் கவனித்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். அவள் பெற்றோரிடம் சொல்ல, கடற்கரையில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் நூறு பேர் தப்பினார்கள்.

பேரிடர்ப் பாடத்தை அரையாண்டுத் தேர்வுக்கான ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாக் கரையிலும் கடல் முதலில் உள்வாங்கிய பிறகுதான் அலை வரும் என்பதில்லை. முதல் அலையே பெரியது என்பதுமில்லை. இதைக் கடலோரப் பள்ளிகளில் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தத் தெரு வழியாக எந்த மேட்டுக்கு ஓடுவது என்பதை நடந்தே பழக்க வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை: வரைபடமும் உலகமும்

பொங்கலுக்குப் பின் வானம் தெளிந்திருக்கும். வரைபடம் போட ஏற்ற காலம். காலடிகளால் பள்ளி வளாகத்தை அளந்து, அளவுத்திட்டம் வைத்து வரையச் சொல்லலாம். 1:50,000 வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர் என்று அதன் பிறகு சொன்னால் பிடிபடும்.

1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைக் கதையும் இங்கே பொருந்தும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமான அரை டன் எடைத் தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவியை, அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தார். இமயம் வரை போன அளவை நம் ஊரில் தொடங்கியது என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கண்டங்களையும் வீட்டிலிருந்தே தொடங்கலாம். சாம்பாரில் உள்ள தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அந்தச் செடிகள் கடல் கடந்து வந்து இங்கே வேர்பிடித்தது எப்படி என்று கேட்டால், மண்ணும் தட்பவெப்பமும் வணிக வழியும் ஒரே பாடத்தில் வந்துவிடும்.

வினாத்தாள் மாறட்டும்

இத்தனையும் நிலைக்க வேண்டுமானால் கேள்வி மாற வேண்டும். வரைபடத்தில் குற்றாலத்தைக் குறி என்று கேட்கும்வரை பிள்ளை இடத்தை மனப்பாடம் செய்யும். ஜூனில் குற்றாலத்தில் சாரல் விழும்போது தூத்துக்குடியில் வெயில் காய்வது ஏன் என்று கேட்டால் யோசிக்கும். பிள்ளைகள் ஆண்டு முழுதும் எழுதிய காற்று, நிழல், மழைக் குறிப்பேட்டுக்கு வளரறி மதிப்பீட்டில் இடம் கொடுக்கலாம். அதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை, தலைமையாசிரியரின் சம்மதம் போதும். ஒரு குச்சி, ஒரு பாட்டில், ஒரு துணிப்பட்டை, ஓர் அளவுகோல் ஆகியவை எந்தக் கிராமப் பள்ளிக்கும் எட்டாதவை அல்ல. வெள்ளமும் வறட்சியும் புயலும் இனிமேல் இந்தப் பிள்ளைகளின் வாழ்நாள் முழுக்க வரப்போகின்றன. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை நாம் கொடுத்தே ஆக வேண்டும்.