வேலையில்லாத வேளையில் வேகம் எதற்கு?

அட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், உயர்தர வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியை நினைத்துக் கொள்வோம். தாய் கொழுந்து பறித்தும், தந்தை கவ்வாத்து வெட்டியும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பாவித்த மடிக்கணினி ஒன்று லயத்துக்கு வந்து சேருகிறது. அதன் வேகம் 2.5 கிகாஹேர்ட்ஸ் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இரவில் ஆவலோடு அதைத் திறந்து, வேகத்தைக் காட்டும் பக்கத்தைப் பார்க்கிறாள் அவள். அங்கே 800 மெகாஹேர்ட்ஸ் என்றிருக்கிறது! சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "அப்பா, நாம் ஏமாந்து விட்டோமா?" என்று அவள் கேட்டால், அந்தத் தந்தையின் நெஞ்சம் என்ன பாடுபடும்!

அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் அக்கணினி பழுதற்றதாகவே இருக்கும். தன் கடமையைச் சரிவரச் செய்வதனாலேயே அது வேகம் குறைந்து காணப்படுகிறது. இதன் காரணத்தை விளங்கிக் கொள்ள நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பறித்த கொழுந்தை நிறுத்து அனுப்புகிறார்களே, அந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால் போதும்.

அங்கே கம்பி வலை விரித்த நீண்ட தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய மின்விசிறியால் காற்றைச் செலுத்தி வாட்டுகிறார்கள். மழையிலும் பனியிலும் நனைந்து வந்த ஈரத்தைப் போக்க, முதலில் விசிறி முழு வேகத்தில் சுழல வேண்டும். இலை வாட வாட அத்தனை காற்று வேண்டியதில்லை. அப்போதும் அதே வேகத்தில் சுழன்றால் மின்சாரம் வீணாகும் அல்லவா? இதைத் தடுக்க, இலங்கைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். நமது நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அக்கருவி அதை 40 ஆக்கினால், விசிறியின் வேகமும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகிறது. மின்செலவோ ஏறக்குறையப் பாதியாகி விடுகிறது! விசிறிக்கு வேண்டிய மின்வலு, வேகத்தின் கனத்தை ஒட்டி மாறுவதே இதற்குக் காரணம். 0.8 ஐ மூன்று முறை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 0.512 என்று விடை வரும்.

இனிக் கணினிக்கு வருவோம். அதன் மூளை எனப்படும் செயலிக்குள் சுழலும் பொருள் எதுவுமில்லை. ஆனால் ஒரு தாளம் உண்டு. குவார்ட்ஸ் பளிங்குத் துண்டொன்றின் துடிப்பிலிருந்து அத்தாளம் பிறக்கிறது. கோடிக்கணக்கான நுண்ணிய மின் ஆளிகள் அதற்கேற்பத் திறந்து மூடுகின்றன. 800 மெகாஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 80 கோடித் துடிப்புகள். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹேர்ட்ஸாக உள்ள செயலியில், அதை 25 ஆல் பெருக்கினால் 2,500. 8 ஆல் பெருக்கினால் 800. பெருக்கும் எண்ணை மாற்றியதும் வேகமும் மாறி விடுகிறது.

ஒவ்வோர் ஆளியும் இயங்கும்போது, குடத்தில் நீரை நிரப்பிக் கவிழ்ப்பதுபோலச் சிறிதளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் குடம் விரைவில் நிரம்பும். ஆனால் செலவாகும் சக்தி அழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். தாளம் மெதுவாகும்போது குடம் நிதானமாக நிரம்ப அவகாசம் கிடைக்கிறது. ஆகவே அழுத்தத்தையும் குறைத்து விடலாம். இதுவே சூட்சுமம். வேகம் குறைவதால் ஓர் இலாபம்; அழுத்தம் குறைவதால் அதற்குமேல் இன்னோர் இலாபம்.

2000 ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்காக வெளியிட்ட பென்டியம் 3 செயலியொன்று, 650 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் 1.6 வோல்ட் அழுத்தத்தில் இயங்கியது. மின்னிணைப்பைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டும்போது, 500 மெகாஹேர்ட்ஸுக்கும் 1.35 வோல்ட்டுக்கும் இறங்கியது. வேகத்தில் குறைந்தது நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு; கணக்கிட்டுப் பார்த்தால் மின்செலவில் குறைந்தது ஏறக்குறையப் பாதி! பின்னர் வந்த செயலிகளோ, வேலையின் அளவைப் பார்த்து நொடிப்பொழுதில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவையாயின.

நாம் திரையில் ஒரு பக்கத்தைப் படித்துக் கொண்டிருக்கையில் செயலிக்கு வேலை ஏது? நமது விரல் தட்டும் இரண்டு எழுத்துகளுக்கு இடைப்பட்ட நேரமே அதற்கு ஒரு யுகம். அந்த இடைவெளியில் அது தன் தாளத்தையே நிறுத்திவிட்டுக் கண்ணயரவும் செய்கிறது. வேலை வந்த கணத்தில் விழித்துக் கொள்கிறது. இதனால் சூடு தணிகிறது, மின்கட்டணம் குறைகிறது, மின்கலமும் நின்று பிடிக்கிறது. மழைக்காற்றில் மின்சாரம் தடைப்படும் லயத்திலே, மின்கலம் சற்று நேரம் கூடுதலாக நிற்பது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சிறிய உதவியா?

ஐயம் தீர ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வேகத்தைக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக் கொண்டு, பெரிய கோப்புகள் பலவற்றை ஒன்றாகச் சுருக்கும் வேலையைக் கணினிக்குக் கொடுங்கள். எண் மளமளவென்று ஏறினால் கணினி நலமே. கடும் வேலையிலும் 800 ஐ விட்டு அசையாவிட்டால்தான் ஆராய வேண்டும். மின்சிக்கன முறையில் வைக்கப்பட்டிருக்கிறதா, மின்னேற்றி அக்கணினிக்குப் பொருத்தமானதா, காற்றுத் துவாரங்களில் தூசி அடைத்துச் சூடேறியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தல் நலம். இவற்றைப் பாராமல், பழுது பார்ப்பவரிடம் ஓடிப் பணத்தை இழந்து விடலாகாது.

வாடிய கொழுந்தின்மேல் வீணாகக் காற்றடிப்பதை எந்த நல்ல டீமேக்கரும் விரும்ப மாட்டார். செயலியை ஆக்கியோரின் எண்ணமும் அதுவே. தொழிற்சாலை விசிறியின் ஓசையை நாள்தோறும் கேட்டுப் பழகிய தந்தைக்கு இதை விளக்குவது கடினமன்று. சோதனையை முடித்துவிட்டு அந்த மாணவி சொல்லட்டும்: "அப்பா, நாம் ஏமாறவில்லை. வேலை கொடுத்தேன், ஓடுகிறது."