சிப்பியைக் கல்லில் அடித்து உடைக்கும் மீன்!

'மீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம்' என்று கொளத்தூரில் வண்ணமீன் வாங்கி, அம்பத்தூர், ஆவடி வீடுகளில் தொட்டி வைத்திருப்பவர்கள்கூட சொல்வதுண்டு. ஆனால், 2009-ல் பசிபிக் கடலின் பலாவ் தீவில் உயிரியலாளர் ஜியாகோமோ பெர்னார்டி எடுத்த வீடியோ வேறு கதை சொல்கிறது.

ஆரஞ்சுப் புள்ளி கொண்ட 'ரஸ்' வகை மீன் ஒன்று, செவுளால் தண்ணீரைத் தள்ளி மணலுக்குள் இருக்கும் சிப்பியை வெளியே எடுக்கிறது. கை இல்லையே, என்ன செய்யும்? வாயில் கவ்விக்கொண்டு தள்ளியிருக்கும் பாறைக்கு நீந்துகிறது. தலையைச் சட்டென்று திருப்பித் திருப்பி வீச, ஓடு உடைகிறது. சுமார் 20 நிமிடத்தில் மூன்று சிப்பிகள் காலி!

தொட்டியில் வளர்ந்த இன்னொரு ரஸ் மீனும், வாய்க்கு அடங்காத தீனியைக் கல்லில் அடித்து உடைத்தது 2010-ல் ஆய்விதழில் வெளியானது. உங்கள் வீட்டுத் தொட்டியில் கிடக்கும் கல்லும் வெறும் அலங்காரமாக இல்லாமல் போகலாம்!