ஃபேன் நிக்கல, கம்ப்யூட்டர் மட்டும் ஏன் ஆஃப் ஆகுது?

போன ஆடி மாசம் நாகர்கோவில்ல இருக்கிற என் சித்தி பையன் போன் பண்ணினான். கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. ஆனியில எடுத்த மூணு கல்யாணம் கையில கெடக்கு. "அண்ணே, கம்ப்யூட்டர் படக்குன்னு ஆஃப் ஆகுது. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. எஸ்எம்பிஎஸ் புதுசா மாத்தியாச்சு, அப்பவும் இதே கதைதான். இப்போ மதர்போர்டு போயிருக்கும்னு சொல்லுகாங்க. மாத்தட்டுமா?"

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஆஃப் ஆகிறப்போ வீட்ல கரண்ட் போகுதா?"

"இல்லண்ணே. ஃபேன் ஓடிக்கிட்டுதானே இருக்கு."

இங்கதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. ஃபேனுக்குக் கரண்ட் அரை விநாடி நின்னாலும் அது பாட்டுக்குச் சுத்தும். பல்பு ஒரு தடவை சிமிட்டும், நாம கவனிக்க மாட்டோம். கம்ப்யூட்டர் அப்படி இல்ல. நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. முழு லோடுல இருக்கிற ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ், கரண்ட் இல்லாம சுமார் 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். விலை குறைஞ்சதோ பழசோ அதுவும் பிடிக்காது. ஒரு சுற்று தவறினாலே கம்ப்யூட்டர் படுத்துடலாம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் உண்டு. தென்னை, ரப்பர், பலான்னு எங்க பார்த்தாலும் மரம். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ஞ்சு, பல ஊர்கள் நாள்கணக்கா இருட்டுல கெடந்தது ஞாபகம் இருக்கும். அது பெரிய அடி. ஆனா சாதாரண ஆடிக் காத்துலயும் ஒரு கிளை கம்பியில உரசினா கரண்ட் கண்ணிமைக்கிற நேரம் போயிட்டு வரும்.

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே?"ன்னு கேப்பீங்க. அவன் வீட்லயும் இருந்துது. ஆனா கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற ஒரு சின்ன இடைவெளி ஆகும். பல ஹோம் இன்வெர்ட்டர்கள்ல ஈகோ, யூபிஎஸ்னு ரெண்டு மோடு உண்டு, சுவிட்ச் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். ஈகோவுல மாறுறது மெதுவா, யூபிஎஸ்ல வேகமா. ஃபேனுக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு அப்படி இல்ல.

இதைச் செலவில்லாம சோதிக்கலாம். வேலையை சேவ் பண்ணிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி பயாஸ் ஸ்க்ரீன்ல நிறுத்துங்க. அப்போ ஃபைல் எதுவும் கெடாது. இப்போ மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. கம்ப்யூட்டர் படுத்துட்டா இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடுக்கு மாத்தி திரும்பப் பாருங்க. பயாஸ்ல லோடு கம்மி, அதனால ஒரு தடவை தாங்கிட்டா போதாது, நாலஞ்சு தடவை பாக்கணும். அப்பவும் நிக்கலைன்னா கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஒரு யூபிஎஸ் வேணும். ஸ்பைக் பஸ்டர் இந்த வேலையைச் செய்யாது. அதுல பேட்டரி கிடையாது.

சோதனையில கம்ப்யூட்டர் படுக்கவே இல்லையா? அப்போ கோளாறு பெட்டிக்குள்ள.

கேம், ரெண்டரிங்னு கொஞ்ச நேரம் ஓடின பிறகு மட்டும் ஆஃப் ஆனா, அது சூடு. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானா தன்னைக் காப்பாத்திக்க தானே நின்னுடும். ஹீட்சிங்க்ல தூசியைத் தட்டுங்க, தெர்மல் பேஸ்ட் மாத்துங்க. குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்துல உப்புக்காத்தோட சேர்ந்து தூசி பிசுபிசுன்னு ஒட்டும், அடிக்கடி பாக்கணும்.

ரெண்டரிங் தொடங்கின உடனேயே ஆஃப் ஆனா எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகப்படலாம். வாங்கிறதுக்கு முன்னாடி நண்பர்கிட்ட ஒண்ணு கடன் வாங்கிப் போட்டுப் பாருங்க. ஆன் ஆன நாலஞ்சு விநாடியில ஆஃப் ஆனா பவர் பட்டன் உள்ள சிக்கியிருக்கலாம். பட்டனை அமுக்கிப் பிடிச்சா கம்ப்யூட்டர் அணையிறது அப்படித்தானே.

விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல கர்னல்-பவர் 41னு வந்தா பயப்படாதீங்க. முறையா ஷட்டவுன் ஆகலைன்னு மட்டும்தான் அது சொல்லுது. காரணத்தைச் சொல்லாது.

ரெண்டு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீங்க. பிளக்கை எடுத்த பிறகும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம். கேபினட்டைத் தொட்டா சுருக்குன்னு ஷாக் அடிச்சா, மத்த எல்லாத்தையும் விட்டுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங் பாருங்க. அது உயிர் விஷயம். இடி மின்னலுக்கு பிளக்கோட லேன் கேபிளையும் கழட்டிருங்க.

தம்பி வீட்ல சுவிட்ச் ஈகோவுலதான் இருந்துது. மாத்தினான், அஞ்சு தடவை மெயினை அணைச்சுப் பாத்தான், கம்ப்யூட்டர் நின்னுது. மூணு கல்யாணமும் போய்ச் சேந்தாச்சு. புது எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போன காசு போனதுதான், மதர்போர்டு காசு மிச்சம். உங்க வீட்லயும் கடைக்குப் பெட்டியைத் தூக்கிறதுக்கு முன்னாடி அந்த மெயின் சுவிட்சை ஒருதரம் அணைச்சுப் பாருங்க.