ஒரே கேசட், இரண்டு பக்கம்: சுற்றுப்பயண வண்டிக்குள் இசைக்கலைஞர்கள் கேட்பது என்ன?

ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தும் இசைக்குழுக்களிடம் நிருபர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘வண்டியில போகும்போது என்ன பாட்டு கேப்பீங்க?’ பதிலாக ஐந்தோ பத்தோ பாடல்கள் கொண்ட பட்டியல் வரும். ரசிகர்கள் அதைப் படித்துவிட்டு, ‘இவருக்கு இந்தப் பாட்டா பிடிக்கும்!’ என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

பார்ப்பதற்கு இது பொழுதுபோக்குச் செய்திதான். ஆனால், மேற்கத்திய ராக் இசையின் சில முக்கியத் திருப்பங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கவில்லை. சுற்றுப்பயண வண்டிக்குள் திரும்பத் திரும்ப ஓடிய கேசட்டில்தான் தொடங்கின. பட்டியலில் இடம்பெற்ற ஒரு பெயரால் வாழ்வு பெற்ற கலைஞர்களும் இருக்கிறார்கள்.

மேடையில் கொஞ்சம், சாலையில் நிறைய

ஒரு நிகழ்ச்சி என்றால் மேடையில் இருப்பது இரண்டு மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் பயணமும் காத்திருப்பும்தான். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போவது ஏறக்குறைய சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம். இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர் என்று வாரக்கணக்கில் ஓடும் குழுவுக்கு வண்டிதான் வீடு.

அந்த வண்டிக்குள் இருப்பவர்களோ காதையே தொழில் கருவியாகக் கொண்டவர்கள். சாதாரண ரசிகர் பாட்டு கேட்டால் குரலையும் மெட்டையும் பிடித்துக்கொள்வார். டிரம்ஸ் வாசிப்பவர் தாளம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். கிடார் கலைஞர் முதல் தடவை மெட்டைக் கேட்பார், பத்தாவது தடவை விரல் எங்கே போயிருக்கும் என்று யோசிப்பார். நம் ஊரில் இதற்கு ‘கேள்வி ஞானம்’ என்று அழகான பெயரே இருக்கிறது. குருவும் இல்லாமல், சுரம் எழுதிய தாளும் இல்லாமல், காது வழியாகவே பாடம் ஏறுகிறது.

வண்டிக்குள் பாட்டு வந்த கதை

1930-ல் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் வானொலி விற்பனைக்கு வந்தது. ஆனால், வானொலியில் எந்தப் பாட்டு வரும் என்பதை நிலையத்தில் இருப்பவர்தான் முடிவு செய்வார். 1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் நிறுவனம் இசைத்தட்டுக் கருவியையே பொருத்திப் பார்த்தது. அந்த முயற்சி நீடிக்கவில்லை.

நிலைமையை மாற்றியது காந்த நாடா. 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1965-ல் ஃபோர்டு நிறுவனம் தன் புதிய கார்களில் ‘எட்டு டிராக்’ நாடாக் கருவியைக் கொடுக்கத் தொடங்கியது. வண்டியில் என்ன ஓட வேண்டும் என்பதைப் பயணிகளே தீர்மானிக்கும் காலம் வந்தது. கேசட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. இசைத்தட்டிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து நாமே பதிவு செய்துகொள்ளலாம்.

ஒரு பக்கம் கோல்ட்ரேன், மறுபக்கம் ரவி சங்கர்

இதை உடனே பிடித்துக்கொண்டவர்களில் ‘தி பேர்ட்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவும் ஒன்று. பாப் டிலன் எழுதிய ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடலைத் தங்கள் பாணியில் பாடி, 1965-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்கள். அதே ஆண்டின் இறுதியில் அவர்கள் அமெரிக்கா முழுக்கச் சுற்றுப்பயணம் போனார்கள்.

குழுவின் கிடார் கலைஞர் ரோஜர் மெக்வின் கையோடு ஒரு கேசட் கருவியை எடுத்துவந்தார். கேசட்டின் ஒரு பக்கத்தில் ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் ‘ஆப்பிரிக்கா/பிராஸ்’, ‘இம்ப்ரெஷன்ஸ்’ ஆல்பங்களிலிருந்து பதிவு செய்த இசை. மறுபக்கத்தில் பண்டிட் ரவி சங்கரின் சிதார். பயணம் முழுக்க இதையே திருப்பித் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்கள். டேவிட் கிராஸ்பியும் மெக்வினும் பிற்காலப் பேட்டிகளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் உள்ளூர ஒரு தொடர்பும் இருந்தது. ‘இம்ப்ரெஷன்ஸ்’ ஆல்பத்தில் கோல்ட்ரேன் வாசித்த ஒரு படைப்பின் பெயரே ‘இந்தியா’. 1961-ல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு அரங்கில் பதிவானது. ரவி சங்கர் மீது அவருக்கு இருந்த மதிப்பு சாதாரணமானது அல்ல. 1965-ல் பிறந்த தன் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். அந்த ரவி கோல்ட்ரேனும் இன்று பேர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர்.

பயணம் முடிந்து பேர்ட்ஸ் குழு பதிவு செய்த பாடல்தான் ‘எய்ட் மைல்ஸ் ஹை’. 1966 மார்ச்சில் வெளியானது. தொடக்கத்தில் மெக்வினின் பன்னிரண்டு தந்தி கிடார் எழுப்பும் நான்கு சுரங்கள் கோல்ட்ரேனின் ‘இந்தியா’விலிருந்து வந்தவை. அதன் பிறகு கிடார் ஓடும் ஓட்டம், சாக்ஸபோன் மூச்சு வாங்காமல் சுழல்வதைப் போலவே இருக்கும். கோல்ட்ரேனுக்குச் செலுத்திய மரியாதை அது என்று மெக்வினே சொல்லியிருக்கிறார்.

பாட்டு சொல்வது 1965-ல் குழு லண்டனுக்கு விமானத்தில் போன அனுபவத்தை. ஆனால், தலைப்பில் இருந்த ‘ஹை’ என்ற சொல் போதையைக் குறிக்கிறது என்று சர்ச்சை கிளம்பி, சில வானொலி நிலையங்கள் பாட்டை நிறுத்தின. அப்படியும் அமெரிக்கப் பட்டியலில் 14-வது இடம் வரை வந்தது. சைக்கடெலிக் ராக் என்ற இசைவகையின் முதல் பாடல்களில் ஒன்றாக இன்று அது மதிக்கப்படுகிறது.

வாய்வழியாகப் பரவிய சிதார்

பேர்ட்ஸ் கலைஞர்கள் ரவி சங்கரைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவில்லை. 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே லாஸ் ஏஞ்சலிஸில் தங்கியிருந்தது. மெக்வினும் கிராஸ்பியும் அங்கே போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது ரவி சங்கரின் பெயரும் பேச்சில் வந்தது. ‘ஹெல்ப்’ படப்பிடிப்பில் சிதாரைப் பார்த்திருந்த ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஆர்வம் கூடியது. அக்டோபரில் பதிவான ‘நார்வீஜியன் வுட்’ பாடலில் அவர் சிதார் வாசித்தார். 1966-ல் ரவி சங்கரிடமே நேரில் கற்கத் தொடங்கினார். 1971 ஆகஸ்ட் 1-ல் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் இருவரும் சேர்ந்து நிதி திரட்டும் நிகழ்ச்சி நடத்தும் அளவுக்கு அந்த உறவு வளர்ந்தது. இத்தனைக்கும் காரணம் அந்த ஒரு பேச்சுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ‘இவரைக் கேட்டுப் பாருங்க’ என்று ஒரு கலைஞர் இன்னொருவரிடம் சொன்னது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

அதற்கும் முன்பு, 1964 ஜனவரியில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் ஏறக்குறைய மூன்று வாரம் நிகழ்ச்சி நடத்தியபோது, பீட்டில்ஸ் விடுதி அறையில் விடாமல் கேட்டது பாப் டிலனின் ஆல்பத்தை. அதே ஆண்டில் ஜான் லெனான் எழுதிய ‘ஐ’ம் எ லூசர்’ பாடலில் டிலனின் சாயல் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

நிர்வாணா வேனில் இன்னொரு கேசட்

இருபது ஆண்டுக்குப் பிறகு ஏறக்குறைய இதே கதை மறுபடி நடந்தது. வாஷிங்டன் மாநிலத்திலிருந்து கிளம்பிய ‘நிர்வாணா’ அப்போது பெயர் தெரியாத குழு. 1989-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பமான ‘பிளீச்’ பதிவுக்கு ஆன செலவே 600 டாலர் சொச்சம்தான்.

அந்தக் காலத்தில் வேனில் ஓயாமல் ஓடிய ஒரு கேசட்டைப் பற்றி பேஸ் கிடார் கலைஞர் கிறிஸ்ட் நோவோசெலிக் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் இனிய மெட்டுகளுக்குப் பேர்போன நியூஜெர்சி குழு ‘தி ஸ்மிதரீன்ஸ்’. மறுபக்கம் சுவிட்சர்லாந்தின் கடுமையான மெட்டல் குழு ‘செல்டிக் ஃப்ராஸ்ட்’. ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாத இரண்டு இசை. 1991-ல் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்தபோது உலகம் அவர்களிடம் வியந்ததும் இதே சேர்க்கையைத்தான்: காதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, கூடவே காதைக் கிழிக்கும் கிடார்.

இரண்டு கதையிலும் பொதுவான விஷயங்கள் மூன்று. கையில் இருந்தது கொஞ்சம் இசை. அதைக் கேட்டது நிறையத் தடவை. கேட்டது எல்லோரும் சேர்ந்து. ஒருவருக்கு மட்டும் பிடித்திருந்தால் அது தனிப்பட்ட ரசனையாகவே நின்றிருக்கும். குழு முழுக்க ஒரே இசையில் ஊறியதால், ‘அந்த மாதிரி வாசி’ என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கு உடனே புரிந்தது.

பெயரைச் சொன்னால் யாருக்கு லாபம்?

பிடித்த பாடலைப் பகிர்வதில் இன்னொரு பக்கமும் உண்டு. அது பிழைப்பு சம்பந்தப்பட்டது.

1993 நவம்பரில் நிர்வாணா நியூயார்க்கில் எம்டிவியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சியில் வாசித்தது. பெரிய நட்சத்திரங்கள் யாராவது விருந்தினராக வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால், கர்ட் கோபேன் அழைத்து வந்தது அந்தச் சுற்றுப்பயணத்தில் தங்களுக்கு முன்னால் வாசித்த ‘மீட் பப்பெட்ஸ்’ குழுவின் கிர்க்வுட் சகோதரர்களை. அவர்களின் 1984 ஆல்பத்திலிருந்து மூன்று பாடல்களைப் பாடினார். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி ஆல்பமாக வெளிவந்து முதலிடம் பிடித்தது. 1994-ல் வந்த மீட் பப்பெட்ஸின் சொந்த ஆல்பமும் அமெரிக்காவில் ‘கோல்டு’ தகுதியை, அதாவது ஐந்து லட்சம் பிரதிகளை எட்டியது. பத்தாண்டுக்கு மேல் வேனில் அலைந்த குழுவுக்கு அதுவரை கிடைக்காத வெற்றி அது.

பிறர் பாட்டைப் பாடி ஆல்பம் விற்றால், எழுதியவருக்கு ராயல்டி போய்ச் சேரும். வெறுமனே பெயரைச் சொன்னால் நேரடியாகப் பணம் வராது, ஆனால் கேட்பவர்கள் வருவார்கள். 1992-ல் கோபேன், டேனியல் ஜான்ஸ்டன் என்ற பாடகரின் ஓவியம் பதித்த பனியனை எம்டிவி விருது விழாவுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டிலேயே கேசட்டில் பாடிப் பதிவு செய்து தானே கொடுத்துவந்தவர் ஜான்ஸ்டன். பின்னாளில் பெரிய நிறுவனம் ஒன்று அவர் ஆல்பத்தை வெளியிட்டது.

ஹெட்போன் வந்த பிறகு

1979-ல் சோனியின் வாக்மேன் வந்தது. இன்று ஒவ்வொருவர் காதிலும் ஒரு ஹெட்போன், ஒவ்வொரு போனிலும் கோடிக்கணக்கான பாடல்கள். இதில் நன்மை இல்லாமல் இல்லை. இரவெல்லாம் வாசித்தவர் நிம்மதியாகத் தூங்கலாம். ‘எப்பப் பாத்தாலும் உன் பாட்டுதானா?’ என்ற சண்டையும் கிடையாது.

ஆனால், காதுக்கும் கணக்கு உண்டு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேடையிலேயே அந்த அளவைத் தாண்டிவிடும் கலைஞர்கள், ஓடும் வண்டியின் இரைச்சலை மீறி ஹெட்போன் ஒலியைக் கூட்டினால் ஆபத்து இரட்டிப்பாகும். பயணத்தில் கேட்கும் பட்டியலில் மென்மையான பாடல்களுக்கும் மௌனத்துக்கும் இடம் வேண்டியதற்கு இதுவே போதிய காரணம்.

இழப்பு என்று பார்த்தால், சேர்ந்து கேட்பது குறைந்ததுதான். பத்துப் பேர் ஒரே வண்டியில் போனாலும் பத்துப் பேரும் பத்து ஊரில் இருக்கிறார்கள். குழுவாகப் பொதுப் பட்டியல் உருவாக்கி, ஆளுக்கு ஒரு பாட்டாகச் சேர்ப்பது இதை ஓரளவு ஈடுகட்டும். ஓட்டுநருக்கும் அதில் ஒரு பாட்டு ஒதுக்கினால் நல்லது.

பட்டியலை எப்படிப் படிப்பது?

அடுத்த முறை ஓர் இசைக்குழுவின் பயணப் பட்டியல் கண்ணில் பட்டால், அவர்கள் பாணிக்குச் சம்பந்தமே இல்லாத பெயர் எது என்று முதலில் பாருங்கள். ராக் குழுவின் பட்டியலில் சிதார் இருந்தால் அங்கேதான் அவர்களின் அடுத்த ஆல்பத்துக்கான விதை இருக்கலாம். இரண்டாவதாக, நீங்கள் கேள்விப்படாத பெயரைத் தேடுங்கள். பிரபலமானவரைப் பாராட்ட ஆயிரம் பேர் உண்டு. தெரியாத பெயரை ஒருவர் மெனக்கெட்டுச் சொல்கிறார் என்றால், அந்தப் பாட்டு அவரை ஏதோ செய்திருக்கிறது.

அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டாம். ஒரு நீண்ட பயணத்துக்கு அதை மட்டும் எடுத்துச் சென்று, நாலைந்து தடவை ஓடவிட்டுப் பாருங்கள். மெக்வினும் நோவோசெலிக்கும் கேட்டது அப்படித்தான்.