பிரித்தலும் ஒதுக்கலும்

மாணவர்களே! ‘பொற்குடம்’ என்பதைப் பிரித்தெழுதுக என்றால், பொன், குடம் என எழுதுகிறீர்கள். ‘உண்டான்’ என்பதையோ உண், ட், ஆன் எனப் பகுக்கிறீர்கள். இரண்டும் ஒரு பொருளனவாயின் சொல் இரண்டு எதற்கு? பிரித்தவை தனித்து நிற்கும். மீண்டும் சேரவும் செய்யும். பகுத்தவை ஒரு முழுமையின் உறுப்புகள். ‘ட்’ என்பதைத் தனியே ஒலித்துப் பாருங்கள். பொருள் ஏதும் தோன்றாது. உணவைப் பலரோடு பங்கிட்டு உண்பதையும் வள்ளுவர் பகுத்தல் என்றே சுட்டுவார்.

வகுத்தல் என்பது இனங்கண்டு நிறுத்துவது. இலக்கண நூலார் வேற்றுமையை எட்டாக வகுத்தனர். விலக்குதலில் வேண்டாமை என்னும் கருத்து உண்டு. மதுவிலக்கு என்பதை நோக்குக. நெல்லைத் தூற்றுவோரும் மாவைச் சலிப்போரும் நம்மினும் நுட்பமான சொற்களை வைத்துள்ளனர். அவற்றை அவர்களிடமே கேட்டறிக.

ஒதுக்குதல் என்பதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. ‘விருந்தினர்க்கு ஓர் அறையை ஒதுக்கினர்’ என்பதில் அன்பு உண்டு. ‘ஊரார் அவரை ஒதுக்கினர்’ என்பதில் கொடுமை உண்டு. வினை ஒன்றே, ஆளைச் சார்ந்த உருபு மாறிற்று. ‘கு’ உருபு ஏற்றவர் பேணப்பட்டார்; ‘ஐ’ உருபு ஏற்றவர் புறந்தள்ளப்பட்டார். தீண்டாமை என்னும் பெயரால் மக்களுள் ஒரு சாராரைக் குளத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் ஒதுக்கினர் நம் முன்னோர். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, தன் 17-ஆம் பிரிவால் அத்தீண்டாமையை விலக்கிற்று. ஒதுக்கப்பட்ட அம்மக்களுக்கே மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் இடங்களை ஒதுக்கிற்று.