உறைபனி போட்ட எல்லை

நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதிகளில் நிலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மடிப்புகளிலும் பள்ளங்களிலும் இருண்ட சோலைக்காடு. மேட்டிலும் சரிவிலும் மரமில்லாத புல்வெளி. மழைக்குக் குறைவில்லாத இடத்தில் ஏன் எங்கும் மரம் வளரவில்லை? காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்கிய மனிதர்களே காரணம் என்று ஒரு கட்சி நெடுநாளாகச் சொல்லிவந்தது. அதை அசைத்தது நீலகிரியின் சதுப்பு மண். சூழலியலாளர் ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் அந்த மண்ணடுக்குகளின் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து 1993-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு. எனவே மட்கிய பிறகும் எது எங்கே வளர்ந்தது என்பதை மண் காட்டிக்கொடுத்துவிடும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்த காலத்தையொட்டி, அங்கே புல்லே ஓங்கியிருந்தது. பின்னர் பருவமழை வலுத்தபோது மரமும், வறண்டபோது புல்லும் மாறி மாறி மேலோங்கின. மனிதர் வைத்த தீ புல்வெளியை அகட்டியிருக்கலாம். அதைப் படைத்தது தட்பவெப்பம்.

அந்த எல்லையை இன்றுவரை காத்துவந்த காவல்களில் முக்கியமானது உறைபனி. சோலை மரத்தின் கன்று தாய்மரங்களின் நிழலில் பிழைத்துக்கொள்ளும். வெட்டவெளியில் முளைத்தால் மார்கழி, தை இரவுகளின் உறைபனியும் மறுநாள் காலை வெயிலும் சேர்ந்து அதைக் கருக்கிவிடும். இப்படி மரம் ஒதுங்கிய வெளியை நம்பி ஓர் உயிர்வலையே உருவாகியிருக்கிறது. புல்லை நம்பி வரையாடு, வரையாட்டைத் தேடிச் சிறுத்தையும் செந்நாயும், புற்களுக்கிடையே கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி, 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் குறிஞ்சி, அந்தப் பூவை மொய்க்கும் தேனீக்கள். சோலைக்குள் வாழும் பறவைகளுக்கோ பள்ளத்தாக்குகளின் வெப்பமே வேலி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனமும் தெற்கே வேறோர் இனமுமாகச் சில பறவைகள் பிரிந்தது, மலையுச்சிகள் தீவுகளாகவே இருந்துவந்ததால்தான்.

இந்த ஏற்பாட்டுக்குள் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். விறகுக்காகத் தொடங்கிய வேலை, விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் பெருந்தோட்டங்களாக விரிந்தது. புல்வெளியை ‘தரிசு’ என்று கணக்கில் எழுதிவைத்த பார்வைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. யூகலிப்டஸ் பெரும்பாலும் நட்ட இடத்தில் நின்றது. சீகை எனப்படும் வாட்டில் நிற்கவில்லை. உறைபனியைத் தாங்கி, விதையால் பரவி, தானாகவே நடந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வின்படி, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டது.

தட்பவெப்பம் முன்பும் மாறியது, காடும் புல்லும் முன்பும் இடம் மாறின, இப்போது மட்டும் ஏன் பதற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்று மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்தது. புல்லின் இடத்துக்கு வந்தது சோலை. புல்வெளி உயிர்கள் பின்வாங்க இடமும் காலமும் இருந்தன. இன்று வெப்பம் கூடுவதால் உறைபனி இரவுகள் தளரக்கூடும். காற்றில் கூடும் கரியமில வாயு, இந்தப் புற்களைவிட மரங்களுக்கே அதிகம் அனுகூலம். அதாவது தட்பவெப்பமும் இப்போது மரத்தின் பக்கம் சாய்கிறது. ஆனால் திறந்த கதவு வழியே முதலில் நுழைவது மெதுவாக வளரும் சோலை மரமில்லை, வாசலிலேயே காத்திருக்கும் வாட்டில்தான். வரையாடு மேலே ஏறித் தப்பலாமென்றால், 2,695 மீட்டரில் ஆனைமுடியோடு தென்னிந்தியாவின் உயரமே முடிந்துவிடுகிறது. இழப்புக்குக் காரணம் மனிதனா, தட்பவெப்பமா என்று பிரித்துக் கேட்பதே இதனால்தான் பொருந்தாமல் போகிறது. ஒன்று விதைத்ததை மற்றது வளர்க்கிறது.

எந்த மரமானாலும் கார்பனைச் சேமிக்காதா என்பது அடுத்த மறுப்பு. சேமிக்கும். புல்வெளியும் தன் மண்ணுக்குள் சேமிக்கிறது; அது போக, நீரையும் விட்டுக்கொடுக்கிறது. நீலகிரியின் கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் யூகலிப்டஸ் நட்டு ஒப்பிட்டார்கள். நட்டு வெட்டும் முதல் சுழற்சியிலேயே மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. சமவெளியில் பவானி நீரை நம்பும் உழவர்களுக்கு இது சின்ன எண் இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வாட்டில் தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்து வளர்கின்றன. அந்நிய மரம் அங்கே செவிலித்தாயாக நிற்கிறது. அப்படிப்பட்ட பழைய, அடர்ந்த தோப்புகளை ஒரேயடியாக வெட்டுவது வீண் என்றே நான் நினைக்கிறேன். வெட்டியதும் மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும் விதைகள் வெயில் பட்டு ஒன்றாக எழும்பும். ஆனால் அந்தத் தோப்பில் திரும்புவது சோலை மட்டும்தான். வரையாட்டுக்கும் நெட்டைக்காலிக்கும் அதில் பங்கில்லை. வரையாட்டுக்கென 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த திட்டம் பலன் தர வேண்டுமானால், பணமும் ஆட்களும் முதலில் போக வேண்டிய இடம் இன்னும் மிஞ்சியிருக்கும் புல்வெளிகளின் ஓரம். அங்கே இப்போதுதான் தலைகாட்டும் வாட்டில் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிட முடியும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் போய்ப் பிடுங்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தமாக விடப்படும் பணிக்கு இது ஒத்துவராது.